இனத்தைக் கேட்குமுன் போகத்தைக் கேளுங்கள்
சோயாப் பயிரும் வரண்ட நிலத்து இரு போகங்களும்

கொட்டாஞ்சேனையில் மகனுடைய தொடர்மாடி வீட்டில் வசிக்கும் பெரியவர் ஒருவர், ஐப்பசி மழைக்குச் சில வாரங்களுக்கு முன்னர் எம்மைத் தேடி வந்தார். கிளிநொச்சிப் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு துண்டு வயலும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர். இப்போது ஒவ்வொரு போகத்துக்கும் போய் வருகிறார். கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதனுள் 5 கிலோ சோயா வித்து. மாசியில் அறுவடை செய்த உறவினர் ஒருவர் கொடுத்தது.

"நல்ல இனம் எண்டுதான் தந்தவை. மழையோடை போட்டால் சரிதானே, தம்பி?" என்று கேட்டார்.

நாம் அந்தப் பையிலிருந்து 100 வித்துகளை எண்ணியெடுத்து, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி வைத்தோம். ஐந்தாம் நாள் விரித்துப் பார்த்தபோது 31 வித்துகளே முளைத்திருந்தன. இனத்தில் குறையில்லை. அவர் வைத்திருந்த வித்து வேறொரு போகத்தின் வித்து. அது எட்டு மாதம் கொழும்பின் ஈரக் காற்றில் இருந்த வித்து. அதை அப்படியே நிலத்தில் இட்டிருந்தால் உழவுக் கூலி, பஸ் செலவு, அந்த ஆண்டின் மழை எல்லாமே வீணாகியிருக்கும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் பல இதே கேள்வியைத்தான் கேட்கின்றன: "எந்த இனம் நல்லது?" இது பாதிக் கேள்வி மட்டுமே என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. முழுக் கேள்வி இதுதான்: "எந்த இனம், எந்தப் போகத்தில், எந்தத் திகதியில், எந்த நிலத்தில் நல்லது?" மற்றப் பயிர்களைவிடச் சோயாவில் இந்த வேறுபாடு அதிகம். ஏனென்று விளங்கிக்கொண்டால் ஒரு போகத்தின் நட்டத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

சோயா இரவை அளக்கும் பயிர்

பழைய மாரி நெல்லினங்கள் சிலவற்றை எமது மூத்தோர் நன்கறிவர். முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் அவை ஏறக்குறைய ஒரே காலத்திலேயே கதிர் தள்ளும். அவை நாட்களை எண்ணிப் பூப்பவையல்ல. பகல் குறுகி இரவு நீளும் காலத்தை உணர்ந்து பூப்பவை. சோயாவும் இந்தக் குணமுள்ள பயிரே. இத்தகைய பயிர்களைக் குறும்பகல் தாவரங்கள் என்பர்.

இதனைத் தெளிவாகக் கண்டறிந்தவர்கள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்ற இரு ஆய்வாளர்கள். அவர்கள் 'பிலொக்சி' என்ற சோயா இனத்தை வசந்த காலம் முதல் கோடை முடியும் வரை சில வாரங்களுக்கு ஒரு தடவை விதைத்துப் பார்த்தார்கள். முந்தி முளைத்த செடிகள் ஏறக்குறைய நான்கு மாதங்கள் காத்திருந்து பூத்தன. பிந்தி முளைத்தவை இரண்டு மாதங்களிலேயே பூத்துவிட்டன. விதைப்புகளுக்கிடையே பல வாரங்கள் வித்தியாசம் இருந்தும், பூத்த காலங்கள் மிகவும் நெருங்கி வந்தன. பகலின் நீளமே பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கிறது என்ற முடிவை அவர்கள் 1920இல் வெளியிட்டார்கள்.

இதனால் எமக்கு என்ன? பூ வந்த பிறகு சோயாச் செடியின் வளர்ச்சி விரைவில் நின்றுவிடும், அல்லது மிகவும் குறைந்துவிடும். பூப்பதற்கு முன்னர் எத்தனை கணுக்கள் விட்டதோ அதைப் பொறுத்தே காய்கள் வரும். செடி சிறிதாக இருக்கும்போதே பூத்துவிட்டால் காயும் குறைவு, விளைச்சலும் குறைவு.

கிளிநொச்சியில் யூன் மாதத்தின் மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிடம் அளவில் இருக்கும். டிசெம்பரின் மிகக் குறுகிய பகல் 11 மணி 35 நிமிடம் அளவு. வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே கூட. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானாவில் யூன் மாதப் பகல் 14 மணித்தியாலத்துக்கும் மேல். அந்த நீண்ட பகலுக்குப் பழகிய இனத்தை இங்கே விதைத்தால் அதற்கு எமது நாட்டின் எல்லாப் பகலும் குறும்பகலாகவே தோன்றும். முழங்கால் உயரம் வருமுன்னரே பூக்கத் தொடங்கிவிடும்.

1970களில் இலங்கையில் சோயாவைப் பரப்பும் முயற்சி தொடங்கியது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தின் சர்வதேச சோயாத் திட்டமும் அதற்கு உதவியது. அத்திட்டத்தின் கீழ் ஒரே தொகுதி இனங்கள் பல நாடுகளில், பல அகலாங்குகளில், பல பருவங்களில் விதைத்துப் பார்க்கப்பட்டன. ஓரிடத்தில் முதலாவதாக வந்த இனம் மற்றோர் இடத்தில் பின்தங்கியது. லூசியானாவில் தெரிவான 'பொசியர்', புளோரிடாவில் உருவான 'ஹார்டி' முதலிய இனங்களின் பெயர்களை அக்காலத்து விவசாயிகள் கேள்விப்பட்டிருப்பார்கள். வெளிநாட்டு இனங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எமது வரண்ட வலயத்திலேயே தெரிவு செய்ய வேண்டும் என்ற தேவை இதனால் உறுதியாயிற்று. பிபி-1, பிஎம்-13, பிஎம்-25, எம்ஐஎஸ்பி-01 முதலியன விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனங்கள். அனுராதபுர மாவட்டத்தின் மகா இலுப்பள்ளமவில் உள்ள வயற்பயிர் ஆராய்ச்சி நிலையமே இவ்வேலையில் முக்கிய இடம்.

பிரேசில் நாட்டின் அனுபவமும் இதுவே. அந்நாட்டின் குளிரான தென்பகுதியில் மட்டும் விளைந்த சோயா, குறும்பகலிலும் அவசரப்பட்டுப் பூக்காத இனங்கள் உருவாக்கப்பட்ட பின்னரே வெப்பமான நடுப்பகுதிக்கும் வடபகுதிக்கும் பரவியது. இன்று உலகில் ஆகக் கூடுதலாகச் சோயா விளைவிக்கும் நாடு அது. அந்தப் பரவலுக்கு நிலத்தின் புளிப்பைச் சுண்ணாம்பினால் திருத்தியதும் ஒரு காரணம். எனினும் காலத்துக்கு ஏற்ற இனம் இல்லாமல் அது நடந்திருக்காது.

மாரிப் போகத்தில் சோயா

எமது பகுதிகளில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் சனவரி வரையே கிடைக்கிறது. மழையை நம்பிய மேட்டு நிலச் சோயாவுக்கு இதுவே போகம். இந்தக் காலத்தில் பகல் குறுகிக்கொண்டே போகும். முகிலும் கூட. ஆகவே செடி சிறுபோகத்தை விடக் குட்டையாக நிற்கக்கூடும். இப்போகத்தில் குட்டையாக நிற்கும் இனமென்றால் வரிசைகளை நெருக்கமாக வைத்து, செடிகளின் எண்ணிக்கையால் அதை ஈடுசெய்ய வேண்டும்.

இப்போகத்தில் விதைக்கும் திகதியே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஏறக்குறைய 90 நாட்களில் முதிரும் ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். அது 35ஆம் நாளளவில் பூக்கும் என்று வைத்துக்கொண்டு மூன்று திகதிகளைப் பார்ப்போம்.

ஒக்ரோபர் 5இல் விதைத்தால்: மழை நிலைக்குமுன் விதைக்க நேரிடும். முதல் மழையில் முளைத்த கன்று அடுத்த மழை பிந்தினால் வாடும். தப்பினாலும் சனவரி முதல் வாரத்தில் காய் முதிரும். அப்போது மழை இன்னும் ஓயாதிருக்கும். முதிர்ந்த காய் செடியிலேயே நனைந்து, வித்து நிறம் மாறிச் சுருங்கும்.

ஒக்ரோபர் 25இல் விதைத்தால்: நவெம்பர் இறுதியில் பூக்கும். டிசெம்பர் நடுப்பகுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை காய் பருக்கும். அவ்வேளை மண்ணில் ஈரம் இருக்கும், வெப்பமும் தணிந்திருக்கும். சனவரி இறுதியளவில் அறுவடை. மழை குறைந்துகொண்டு வரும் காலம்.

டிசெம்பர் 5இல் விதைத்தால்: சனவரி 9 அளவில் பூக்கும். காய் பருப்பது பெப்ரவரியில். அப்போது மழை நின்று, மண் காய்ந்து போகும். காய் வரும், ஆனால் வித்து பருக்காது.

இந்த மூன்று விதைப்பிலும் இனம் ஒன்றே, நிலமும் ஒன்றே. விளைச்சல்தான் மூன்று விதம். பொதுவாக ஒக்ரோபர் நடுப்பகுதிக்கும் நவெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில், மழை நிலைத்த பின் விதைப்பதே பாதுகாப்பானது. உங்கள் ஊரில் மழை எப்போது நிலைக்கும் என்பதை நீங்களே எம்மைவிட நன்கறிவீர்கள்.

இங்கே இனங்களின் வயதும் சேர்ந்துகொள்கிறது. உரிய காலத்தில் விதைக்க முடிந்தால் சற்று வயது கூடிய இனம் கூடுதலான கணுக்கள் விட்டுக் கூடுதலாக விளையும். விதைப்பு பிந்தினால் அதே இனம் வரட்சியில் அகப்படும். வயது குறைந்த இனம் அதற்குமுன் முதிர்ந்து தப்பிவிடும். அதாவது முந்திய விதைப்பில் முதலாவதாக வந்தது, பிந்திய விதைப்பில் கடைசியாகும். நெல்லில் மூன்று மாத இனத்தையும் நான்கு மாத இனத்தையும் தண்ணீரைப் பார்த்துத் தெரிவு செய்பவர்களுக்கு இது புதிய பாடமல்ல.

மாரிப் போகத்தின் இன்னோர் ஆபத்து வெள்ளம். வித்து முளைக்கும் வேளையில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே இப்போகத்தில் சோயாவை வயலிலும் பள்ளத்திலும் இட வேண்டாம். நீர் வடியும் மேட்டு நிலத்தில், வடிகால் வெட்டி, மேட்டுப் பாத்தியில் இடுங்கள். மன்னாரில் முருங்கன் பக்கத்துக் களிமண் போன்ற நிலங்களில் நவெம்பர் மழைக்குச் சோயா நிற்பது கடினம்.

சிறுபோகத்தில் சோயா

சிறுபோகத்தில் கதை வேறு. ஏப்பிரல் மழை கொஞ்சம் கைகொடுக்கும். அதன்பின் பயிர் குளத்தையோ கிணற்றையோதான் நம்பியிருக்கும். நெல்லுக்குக் குளத்து நீர் போதாத ஆண்டுகளில் வயலில் உபஉணவுப் பயிர் செய்யத் தீர்மானிப்பது வழக்கம். அந்த வேளைக்குச் சோயா பொருத்தமான பயிர்களுள் ஒன்று. மகாவலியின் 'எச்' வலயத்திலும் அனுராதபுர மாவட்டத்திலும் விவசாயிகள் சிறுபோகத்தில் வயல்களிற் சோயா செய்து வருவது இவ்வாறே.

இக்காலத்தில் பகல் சற்று நீளம். வெயிலும் நிறைய. நீர் தவறாது கிடைத்தால் செடி உயர்ந்து வளரும், விளைச்சலும் மாரியை விடக் கூடுதலாக வரலாம். நீர் தவறினால் இழப்பும் அதேயளவு பெரிது. யூன், யூலை மாதங்களில் சோழகக் காற்று மண்ணையும் இலையையும் ஒருசேரக் காயவைக்கும். வெப்பநிலை 35 பாகை செல்சியசை எட்டும்போது பூவும் பிஞ்சும் உதிரத் தொடங்கும். பூக்கும் காலத்திலிருந்து காய் பருக்கும் வரை ஒரு தடவை நீர் தவறினாலும் விளைச்சல் நன்றாகத் தெரியும்படி குறையும். கன்றுப் பருவத்தில் சிறிது வாடினால் சோயா தேறிவிடும். காய்ப் பருவத்தில் வாடினால் தேறாது. நீர் குறைவென்றால் முன்னரே சிக்கனம் பிடித்து, இந்தக் காலத்துக்கு மிச்சம் பிடியுங்கள்.

சிறுபோகத்தில் விதைப்புத் திகதியை முன்னோக்கி எண்ண வேண்டாம், பின்னோக்கி எண்ணுங்கள். போகக் கூட்டத்தில் கடைசித் தண்ணீர் எப்போது என்று அறிவிப்பார்கள். 90 நாள் இனத்துக்கு ஏறக்குறைய 75ஆம் நாள் வரை நீர் வேண்டும். கடைசித் தண்ணீர் யூலை 10 என்றால், 75 நாள் பின்னோக்கி எண்ணினால் ஏப்பிரல் 26 வரும். அதற்குப் பிந்தி விதைப்பவர் வானத்தை நம்பியே விதைக்கிறார். யூலையில் வானம் தராது.

பிந்திய விதைப்புக்கு இன்னொரு கேடும் உண்டு. அயலில் முந்தி விதைத்த அவரையினப் பயிர்களிற் பெருகிய தண்டு துளைக்கும் ஈ, பிந்தி முளைத்த கன்றுகளைத் தாக்கும். எனவே அயலவரோடு சேர்ந்து ஒரே வாரத்தில் விதைப்பது நல்லது.

அறுவடையிலும் கவனம் வேண்டும். கோடைக் காற்றில் முதிர்ந்த காய் வெடித்துச் சிதறும். இலை உதிர்ந்து காய் பழுப்பானதும் காலை வேளையில் பிடுங்குங்கள்.

ஆடிப் பட்டம் எல்லோருக்கும் அல்ல

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்கு அது பொருந்தும். அங்கே ஆடி முதல் மழையை எதிர்பார்க்கலாம். மத்திய பிரதேசத்திலும் தென்மேல் பருவமழையோடு யூன், யூலையிலேயே சோயா விதைக்கிறார்கள். ஆனால் வன்னியில் ஆடி என்பது சோழகம் வீசி நிலம் வெடிக்கும் மாதம். அங்கே மானாவாரியாக ஆடியில் விதைப்பவர் வித்தைத் தொலைப்பார். பழமொழி பொய்யல்ல, இடந்தான் வேறு.

இதை நாம் ஏன் சொல்கிறோம் என்றால், இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வித்தும் ஆலோசனையும் பல திசைகளிலிருந்து வருகின்றன. இந்தியாவில் முகாமில் இருந்து திரும்பிய உறவினர் ஓர் இனத்தைச் சொல்வார். அனுராதபுரத்தில் வியாபாரம் செய்பவர் வேறொன்றைச் சொல்வார். இருவரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள். அது எந்தப் போகத்தில், மழையிலா நீர்ப்பாசனத்திலா, எந்த மண்ணில் என்று கேட்ட பின்னரே அவர்கள் சொல் உங்களுக்கு உதவும்.

வித்துக்கும் போகம் உண்டு

இனி அந்தப் பெரியவரின் பைக்கு வருவோம். நெல்லைப்போலச் சோயா வித்தை நீண்ட காலம் வைத்திருக்க முடியாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், ஐந்தில் இரண்டு பங்கு புரதம். தோலோ மெல்லியது. வெப்பத்திலும் ஈரத்திலும் முளைதிறன் விரைவாகக் கெட்டுப்போகும்.

மாரியில் விளைந்த வித்து பெரும்பாலும் ஈரத்திலேயே முதிர்கிறது. அதைச் சித்திரையில் சிறுபோகத்துக்குப் பாவிப்பதானால் இரண்டு, மூன்று மாதமே வைத்திருக்க வேண்டும். நன்றாக உலர்த்தியிருந்தால் அது தாங்கும். ஆனால் அதே வித்தை அடுத்த ஐப்பசி வரை வைத்திருப்பது வீண். சிறுபோகத்தில் விளைந்த வித்து வெயிலில் முதிர்ந்து உலர்ந்த வித்து. யூலை இறுதியில் அறுத்தது ஒக்ரோபர் இறுதிக்கு மூன்று மாதந்தான். மாரி விதைப்புக்கு அதுவே சிறந்தது. சுருங்கச் சொன்னால்: மாரிக்குச் சிறுபோக வித்து, சிறுபோகத்துக்கு மாரி வித்து. ஒரு போகத்தைத் தாண்டி வைத்திருக்க வேண்டாம்.

வித்தைக் கொழும்பில் வைக்கவும் வேண்டாம். வெள்ளவத்தையில் கடற்காற்று வீசும் அறையில் உப்பு எப்படிக் கசிகிறதோ அப்படியே வித்தும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். வித்தின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வித்துச் சேமிப்பில் ஒரு பொதுக் கணக்கு. கூடினால் அதே கணக்கில் பாதியாகும். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் வைப்பதே மேல். வேறு வழியில்லாமல் இங்கே வைப்பதென்றால், மிதமான வெயிலில் நன்றாக உலர்த்தி, ஆறவிட்டு, காற்றுப் புகாத போத்தலிலோ தகரத்திலோ வாய்வரை நிரப்பி மூடுங்கள். சாக்கும் சாதாரணப் பொலித்தீன் பையும் போதா.

எங்கே வைத்திருந்தாலும் விதைக்கப் பத்து நாட்களுக்கு முன் முளைத்துப் பாருங்கள். 100 வித்தை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி, ஐந்து நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். 80க்கு மேல் முளைத்தால் வழக்கமான அளவு விதைக்கலாம். 60க்கும் 80க்கும் இடையில் என்றால் வித்தின் அளவைக் கூட்ட வேண்டும். 60க்குக் கீழே என்றால் விதைக்க வேண்டாம். வேறு வித்துத் தேடுங்கள். இந்தப் பரீட்சைக்கு ஒரு சதமும் செலவில்லை. வெள்ளவத்தை அறையிலும் செய்யலாம்.

வேரில் வாழும் துணை

சோயாவின் வேர் முடிச்சுகளில் வாழும் பக்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கிறது. உழுந்துக்கும் பயறுக்கும் உதவும் பக்றீரியா சோயாவுக்கு முழுமையாக உதவுவதில்லை. ஆகவே முன்னர் சோயா செய்யாத நிலத்தில் வித்தோடு அதற்குரிய றைசோபியம் கலந்து விதைக்க வேண்டும். பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்து இப்போது துப்புரவாக்கிய காணிகளுக்கு இது முக்கியம்.

இதிலும் போகத்தின் பங்கு உண்டு. சித்திரை வெயிலில் சுட்ட, காய்ந்த மண்ணில் இந்த நுண்ணுயிர் விரைவில் மடிந்துவிடும். நிழலில் வைத்துக் கலந்து, ஈர மண்ணில், அன்றே விதைத்து மூடுங்கள். ஒரு மாதத்தின் பின் இரண்டொரு செடியை மண்ணோடு கிளப்பி வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் துணை வேலை செய்கிறது. முடிச்சே இல்லையென்றால் பயிருக்கு நைதரசன் பசளை தேவைப்படும்.

உங்கள் காணியிலேயே ஒரு பரீட்சை

விவசாயத் திணைக்களம் ஓர் இனத்தை வெளியிடுமுன் அதைப் பல இடங்களில், பல போகங்களில் விதைத்துப் பார்க்கிறது. பின்னர் விவசாயிகளின் காணிகளிலும் பார்க்கிறது. ஒரு போகத்து வெற்றியை மட்டும் நம்பக்கூடாது என்பதே காரணம். அதே வழியை நாமும் சிறிய அளவில் பின்பற்றலாம்.

முதல் ஆண்டிலேயே முழுக் காணியிலும் சோயா இட வேண்டாம். கால் ஏக்கர் போதும். மிகுதியில் நீங்கள் பழகிய உழுந்தையோ பயறையோ கௌபியையோ இடுங்கள். அந்தக் கால் ஏக்கரில் இரண்டு இனங்களைப் பக்கம் பக்கமாக விதையுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை ஒரே நாளிலும் மறு பாதியை இரண்டு வாரம் பிந்தியும் விதையுங்கள். ஒரு கொப்பியில் ஐந்து விடயங்களை எழுதுங்கள்: விதைத்த நாள், முதற் பூக் கண்ட நாள், பூக்கும்போது செடியின் உயரம், அறுத்த நாள், வித்தின் நிறை. அடுத்த போகத்திலும் இதையே செய்யுங்கள். இரண்டு போகம் முடிய, உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் எது ஏற்றது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

கொழும்பிலிருந்து போய் வருபவர்கள் எல்லா நாளும் நிற்க முடியாது. பக்கத்துக் காணிக்காரரிடமோ அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளிடமோ கொப்பியைக் கொடுங்கள். முதற் பூ வந்ததும் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். பூ வந்த நாள்தொட்டு ஒரு மாதமே நீங்கள் அங்கே கட்டாயம் நிற்க வேண்டிய காலம். நீர் பாய்ச்சலும் பூச்சி பார்ப்பதும் அப்போதுதான். விடுமுறையையும் பயணத்தையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாம்.

பஸ் ஏறுமுன்

ஒரு போகத்துக்கு வேண்டிய பணத்தைச் சேர்ப்பது இங்கே வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம். ஒரு தடவை பிழைத்தால், "இனிக் காணியும் வேண்டாம், கமமும் வேண்டாம்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். விதைப்புத் திகதியில் நேர்ந்த ஒரு பிழையால் ஒரு குடும்பம் தன் நிலத்தைக் கைவிடக்கூடாது. ஆகவே வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறுமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்:

1. இந்த இனம் எத்தனை நாளில் முதிரும்? நான் விதைக்கும் போகத்தில் அது செய்து பார்க்கப்பட்டதா?
2. நான் விதைக்கும் நாளிலிருந்து எண்ணினால் காய் பருக்கும் மாதத்தில் எனக்குத் தண்ணீர் உண்டா?
3. வித்து எந்தப் போகத்தில் விளைந்தது? 100இல் எத்தனை முளைத்தது?
4. நிலத்தில் நீர் வடியுமா? முன்னர் சோயா செய்த நிலமா?
5. விளைந்ததை வாங்குபவர் யார்?

முதல் நான்குக்கும் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். ஐந்தாவதை விதைக்குமுன் வாங்குபவரிடமே நேரிற் பேசிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் தன் 5 கிலோவையும் விதைக்கவில்லை. நாம் சொன்னபடி ஊரில் விசாரித்து, சிறுபோகத்தில் விளைந்த வித்தைத் தேடி வாங்கினார். நவெம்பர் முதல் வாரத்தில் கால் ஏக்கரில் மட்டும் விதைத்தார். அறுத்ததில் ஒரு பங்கை நன்றாக உலர்த்தித் தகரத்தில் அடைத்து, சித்திரைக்கென்று தமக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்து எம்மைச் சந்தித்தபோது அவர் கேட்டது வேறு கேள்வி: "தம்பி, இந்த முறை குளத்திலை கடைசித் தண்ணி எப்பவாம்?"